பக்குவம் என்றால் துறவா?

தில்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் சொற்பொழிவில் 'பக்குவப்பட்ட ஆன்மா' என்று கேட்டதாகவும், அது துறவியாவதைக் குறிக்கிறதா, வேறு சொல் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். துறவு இல்லைங்க. பக்குவம் என்றால் பழுத்த நிலை. பரிபாகம், முதிர்ச்சி என்றும் சொல்லலாம், ஆனால் முக்தி, வீடுபேறு எல்லாம் இதற்கு அப்பால் வருபவை, அவற்றை இதே பொருளில் எழுதாதீர்கள். சைவ சித்தாந்தம் இதை ரொம்ப அழகாகப் பிரிக்கிறது: நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒன்றுபோல் பார்க்கிற மனம் வருவது இருவினையொப்பு, ஆன்மாவின் அறிவை மறைக்கிற ஆணவம் என்னும் மலத்தின் (அழுக்கின்) பிடி தளரும் பருவம் மலபரிபாகம், அப்போது திருவருள் பதிவது சத்திநிபாதம். தில்லியில் பஸ் பிடித்து ஆபீஸ் போகிற குடும்பஸ்தருக்கும் இது வாய்க்கும், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். அப்புறம், 'ஆன்மிகவாதி' என்பது ஈடுபாட்டைச் சொல்லும் சொல், பக்குவத்தை அல்ல.