கப்பி கிறீச்சிடும் நேரம்: திகில் காட்சி பற்றி வாசகர் கேள்விகள்

குறும்படம் எடுக்கும் இளையவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், திகில் காட்சி பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஆறு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். இரவில் ஒரு பிள்ளை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகிறாள். திரும்பினால் பின்னால் வெள்ளைச் சீலையோடு பேய். அந்த இடத்தில் பெரிய சத்தமும் போட்டோம். வாசிகசாலையில் போட்டுக் காட்டியபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கே பிழை? (கொக்குவில்)

பதில்: பேய் வருவதற்கு முந்திய ஒரு நிமிடத்தில்தான் பிழை. ஒன்றும் தெரியாமல் இருக்கிறவரைத் திடுக்கிட வைக்க ஒரு சத்தம் போதும், ஆனால் அந்தத் திடுக்கிடல் அரைச் செக்கனில் முடிந்துவிடும். நெஞ்சு இடிக்க இடிக்கக் காத்திருக்க வைப்பது வேறு வேலை. அதற்குப் பார்ப்பவருக்கு முதலிலேயே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதலில் வீட்டைக் காட்டுங்கள். படத்தின் முதல் நிமிடத்துக்குள், பகலில், விறாந்தையிலிருந்து ஒரே அகலக் காட்சியில் குசினி வாசல், கிணறு, வேலி, படலை நான்கும் தெரிய வேண்டும். தாய் தண்ணீர் அள்ளுகிறாள். கப்பி கிறீச்சிடுகிறது, வாளி கிணற்றுக்கட்டில் ‘டங்’ என்று முட்டுகிறது. கதைக்கு இது ஒன்றும் இல்லாத காட்சி, ஆனால் பார்ப்பவரின் காதில் அந்தக் கிறீச்சும் டங்கும் பதிந்துவிடும். இரவில் கிணற்றடியில் ஒருவரும் இல்லாதபோது கப்பி ஒருமுறை கிறீச்சிட்டால், அது என்ன சத்தம் என்று நீங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி இரவுக் காட்சி. பிள்ளை விறாந்தையால் இறங்கிக் கிணற்றடிக்கு நடப்பதைப் பின்னாலிருந்து அகலமாக எடுங்கள், 8 முதல் 10 செக்கன். சட்டத்தின், அதாவது திரையில் தெரியும் பரப்பின், ஓரத்தில் கப்பியும் கயிறும் தெரியட்டும். பிறகு அவளின் முகம், 4 செக்கன்: எதையோ கேட்டு நிற்கிறாள். அடுத்து அவள் பார்க்கும் திசை, 6 செக்கன்: ஒன்றும் இல்லை. திரும்ப முகம், 3 செக்கன். அவள் குனிந்து முகம் கழுவத் தொடங்குகிறாள். இப்போது மறுபடியும் அந்த அகலக் காட்சி. அவளுக்குப் பின்னால் கயிறு மெல்ல ஆடுகிறது. அவள் காணவில்லை, நாங்கள் காண்கிறோம். இதை 12 செக்கன் வெட்டாமல் விடுங்கள். தொகுக்கும்போது 5 ஆவது செக்கனிலேயே உங்கள் கை வெட்டத் தேடும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பத்துத் தரம் பார்த்த உங்களுக்குத்தான் அலுப்பு, முதல் தரம் பார்ப்பவருக்கு இல்லை.

இந்த இடத்தில் பலர் கயிற்றுக்கு ஒரு நெருக்கக் காட்சி வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். ஓரத்தில் ஆடுகிற கயிற்றைத் தானே கண்டுபிடித்தவர்தான் பயப்படுவார். விரலால் சுட்டிக் காட்டினால் அது வெறும் தகவல்.

சிரிப்புக்கு இன்னொரு காரணம், பேயைக் கனநேரம் காட்டியது. நல்ல வெளிச்சத்தில் மூன்று நான்கு செக்கன் ஓர் உருவம் நின்றால், கண் பவுடரையும் சீலையில் குத்திய ஊசியையும் தேடத் தொடங்கிவிடும். செக்கனுக்கு 25 பிரேம் (தனிப் படம்) என்று எடுத்திருந்தால் 12 பிரேம், அதாவது அரைச் செக்கன் போதும். முழு உருவமும் வேண்டாம். கிணற்றுக்கட்டின் மேல் ஒரு ஈரக் கை, நான்கு விரல். அந்தக் கை சீமெந்தில் விட்டுப்போகும் ஈரத் தடத்தை, கை போன பிறகு, 5 செக்கன் காட்டுங்கள்.

கேள்வி: பயங்கர இசை எங்கே எடுப்பது? இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. (சாவகச்சேரி)

பதில்: இசையைக் கடைசியில் பாருங்கள். இயக்குநர் ஹிட்ச்கொக்கின் ‘த பேர்ட்ஸ்’ (1963) படத்தில் வழமையான பின்னணி இசையே இல்லை, பறவைச் சத்தங்களைக்கூட மின்னணுக் கருவியில் உருவாக்கினார்கள். அதற்கு முந்திய ‘சைக்கோ’வில் (1960) குளியலறைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பேர்னார்ட் ஹேர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார். இசை வேண்டுமா என்பதைக் காட்சிதான் சொல்லும்.

எங்கள் ஊர் இரவுக்கு ஏற்கெனவே ஓர் ஒலி இருக்கிறது: சில்வண்டு. மாரியில் தவளை. பக்கத்தில் ஆள் நடமாட்டம் வந்தால் இரண்டும் சட்டென்று அடங்கிவிடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காட்சி முழுக்கச் சில்வண்டை ஓடவிட்டு, கயிறு ஆடுவதற்கு 2 செக்கன் முன்னால் நிறுத்துங்கள். எந்த இசையும் அதைச் செய்யாது.

நிறுத்தும்போது ஒரு கவனம். ஒலித் தடத்தை முற்றாக வெறுமையாக விட்டால் ஸ்பீக்கர் பழுது என்று சனம் திரும்பிப் பார்க்கும். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். சில்வண்டு நின்ற இடத்தில் அது மெல்லியதாக ஓட வேண்டும். அந்தப் பதிவிலும் சில்வண்டு விழுந்துவிட்டால், யன்னல்களைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் ஒன்று எடுங்கள்.

அளவு முக்கியம். தொகுக்கும் மென்பொருளின் ஒலி அளவுகோலில் 0 தான் ஆகக் கூடிய சத்தம், கீழே போகப் போகச் சத்தம் குறையும். அமைதியான பகுதி -45 டெசிபெல் அளவில் இருந்தால்தான் -6 இல் வரும் சத்தம் அடிக்கும். நடைச் சத்தம், இசை, காற்று எல்லாவற்றையும் -10 இல் நிரப்பி வைத்தால், பேய்க்கு ஏற இடமில்லை. பலர் அடியில் ஓடவிடும் 40, 50 ஹேர்ட்ஸ் அளவிலான மிகத் தாழ்ந்த உறுமல் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது, மண்டபத்து ஸ்பீக்கரிலோ கதிரையை அதிர வைக்கும். 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரை உள்ள ஒரு சத்தத்தையும் அதனோடு சேர்த்து, இரண்டிலும் போட்டுக் கேளுங்கள்.

பேயின் நடைச் சத்தத்துக்குக் காவோலை ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெளியில் பதிந்தால் காற்று மைக்கில் மோதிக் கெடுத்துவிடும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் ஓலையின் விளிம்பை மற்றதன் மேல் மிக மெதுவாக இழுங்கள். காலை இழுத்து நடப்பதுபோல் இருக்கும். வேகமாக இழுத்தால் வெறும் ஓலைதான் கேட்கும்.

கேள்வி: போனில் இரவுக் காட்சி எடுத்தால் புள்ளி புள்ளியாக வருகிறது, மின்குமிழும் மினுங்குகிறது. என்ன செய்யலாம்? (நெல்லியடி)

பதில்: மினுக்கத்துக்குக் காரணம் எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பது. குமிழின் ஒளி செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறைகிறது. போனின் ஷட்டர், அதாவது ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம், 1/60 செக்கனில் இருந்தால் ஒவ்வொரு பிரேமிலும் வெவ்வேறு அளவு ஒளி விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் நிறுத்துங்கள், மினுக்கம் நிற்கும். 25 பிரேம் இல்லாத போனில் 30 வைத்தாலும் பரவாயில்லை, ஷட்டர்தான் முக்கியம்.

புள்ளி வருவது இருட்டை இருட்டிலேயே எடுப்பதால். வெளிக் காட்சிகளைச் சூரியன் மறைந்த பிறகு வருகிற ஏறக்குறைய 20 நிமிட மம்மலில் எடுங்கள். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரைப் படி குறைத்து, படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையை (white balance) 3500 கெல்வின் அளவில் பூட்டினால், வானமும் வேலியும் நீலமாகி இரவாகிவிடும். எங்கள் பக்கத்தில் மம்மல் சட்டென்று போய்விடும் என்பதால் நடிகரை நாலு மணிக்கே ஒத்திகை பார்த்து வைத்திருக்க வேண்டும். 20 நிமிடத்தில் மூன்று, நான்கு காட்சிதான் முடியும். முக நெருக்கங்களைப் பிறகு உள்ளே எடுக்கலாம்.

அரிக்கன் லாம்பு வைத்தால் அதன் சுடர் கையெட்டும் தூரத்துக்கு மேல் போகாது. ஒரு மீற்றரில் உள்ள ஒளி இரண்டு மீற்றரில் கால் பங்காகிவிடும். அதை நன்மையாகவே எடுங்கள்: லாம்பை முகத்திலிருந்து அகற்ற அகற்ற முகம் இருட்டுக்குள் போகும். இன்னும் கொஞ்சம் தேவையென்றால், பவர் பாங்கில் ஓடும் சின்ன எல்.ஈ.டி. ஒன்றைச் செம்மஞ்சள் ரொபித் தாளால் சுற்றி, கமராவுக்குத் தெரியாதபடி லாம்பின் பின்பக்கத்தில் கட்டுங்கள். நேரே முகத்தில் ரோச் லைற் அடிக்க வேண்டாம், ரெஜிபோம் துண்டொன்றில் பட்டுத் திரும்பட்டும். நிலத்துக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் ஈர மண் அந்தச் சிறு வெளிச்சத்தையும் திருப்பித் தரும். போகஸைப் பூட்ட மறவாதீர்கள், இருட்டில் போன் முன்னும் பின்னும் தேடி அலைந்தால் காட்சி அங்கேயே செத்துவிடும்.

கேள்வி: பேய் என்று நினைக்க வைத்துக் கடைசியில் பூனை பாய்வது பழசாகிவிட்டதா? (பருத்தித்துறை)

பதில்: பழசுதான், ஆனாலும் ஒருதரம் வேலை செய்யும். வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் காலணிச் சத்தம். திடீரென அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் பதறி வேகமாக நடக்க, விலங்கு சீறுவதுபோல் ஒரு சத்தத்தோடு சட்டத்துக்குள் பாய்கிறது ஒரு பஸ். இன்றும் இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். எல்லாரும் பஸ்ஸைத்தான் பின்பற்றுகிறார்கள். எங்களுக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்திய, நின்றுபோன காலடி. பூனையை ஒருதரம் மட்டும், படத்தின் முதற் பாதியில் பாய விடுங்கள். மூன்றாம் தரம் பாயும்போது உடம்பு பழகிவிடும்.

கேள்வி: கமராவை ஆட்டி எடுத்தால் பயம் கூடுமா? (காரைநகர்)

பதில்: ஓடும் காட்சிக்குச் சரி. காத்திருக்கும் காட்சிக்கு ட்ரைபொட்டில் அசையாமல் வையுங்கள். நகர்த்தத்தான் வேண்டுமென்றால், 20 செக்கனில் அரை மீற்றர்.

கேள்வி: பகலில் திகில் காட்சி எடுக்கலாமா? (நல்லூர்)

பதில்: தாராளமாக. உச்சிப் பொழுதில் தனியே ஆலமரத்தடிக்குப் போகாதே என்று இங்கே பிள்ளைகளை மறிப்பார்கள், அந்தப் பயம் ஏற்கெனவே பார்ப்பவரிடம் இருக்கிறது. பன்னிரண்டரை மணி ஒழுங்கை ஒன்றை, இருபக்கமும் கிடுகு வேலி தெரிய, ஆளில்லாமல் 15 செக்கன் எடுங்கள். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும், அதை ரெஜிபோம் பிடித்து வெளிச்சமாக்காமல் அப்படியே விடுங்கள். வேலியின் அடியில், கிடுகுக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள நாலு விரல் இடைவெளியில், மறுபக்கம் நிற்கும் ஒரு சோடி வெறுங்கால் தெரிந்தால் போதும். ஒழுங்கையால் வரும் சைக்கிள்காரர் அதைக் கடந்து போகட்டும். அவர் மணி அடித்துக்கொண்டு போய் மறையும் வரைக்கும் அந்தக் கால்கள் அசையக் கூடாது.