வயதானவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் மீது விலங்கு நல அமைப்புகள் வழக்குப் போடுவது சரியா?

பல வருடமாக லெஸ்டரில் இருக்கிறேன், அதனால் இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன். வழக்கே கூடாது என்பது என் கட்சி இல்லை. நாய்ச்சண்டை நடத்துகிறவனைக் கண்டிப்பாகக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். ஆனால் முடியாமல் போனவரையும் கொடுமைக்காரனையும் ஒரே வாசல் வழியாக அனுப்புகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா, எழுபதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு வெளியே வருவதே இல்லை. ஒருநாள் அவருக்கு வந்த பார்சலைக் கொடுக்கப் போனேன். அவருடைய கிழட்டு ஸ்பேனியல் நாய் நொண்டிக்கொண்டே வந்தது. முன்னங்காலில் ஒரு நகம் வட்டமாக வளைந்து, பாதத்துச் சதையிலேயே குத்தி இறங்கியிருந்தது. காதுக்குள்ளிருந்து சீழ் நாற்றம். அதே சமயம் அடுப்படியில் அதற்கென்று கோழிக்கறியை எலும்பில்லாமல் பிய்த்து ஆற வைத்திருந்தார். மூட்டுவாதத்தில் அவர் விரல்களால் நகவெட்டியை அழுத்த முடியவில்லை. டாக்டர் பீஸுக்குப் பயம். யாரிடமாவது சொன்னால் நாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

அந்த நகம் சட்டப்படி குற்றமாகலாம். 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, விலங்கு துன்பப்படும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதோடு நிற்காது. நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டுமா என்றும் கேட்கும். துக்கத்தில் முடங்கிக் கிடப்பவருக்கும் அதே கேள்விதான். 2021இல் அதிகபட்சத் தண்டனையை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டாக உயர்த்தினார்கள். சிறை இல்லாவிட்டாலும், இனி நீங்கள் விலங்கே வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியும். தனியாக இருப்பவருக்கு அது என்ன மாதிரி தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வழக்குப் போடுவது யார்? பெரும்பாலும் ஆர்.எஸ்.பி.சி.ஏ. 1824இல் தொடங்கிய பழைய விலங்கு நலத் தொண்டு அமைப்பு, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் புகாரை வாங்குவது, விசாரிப்பது, வழக்குப் போடலாமா என்று முடிவெடுப்பது எல்லாமே ஒரே கூரைக்குக் கீழே. அரசு அல்லாதவர்களும் குற்ற வழக்குத் தொடரும் உரிமை இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. தப்பே செய்யாத தபால் நிலைய நடத்துநர்களைத் தபால் நிறுவனமே கோர்ட்டுக்கு இழுத்துக் குற்றவாளியாக்கியதும் அந்த உரிமையில்தான். ஸ்காட்லாந்தில் இப்படி இல்லை. விலங்கு நல அமைப்பு விசாரித்து அறிக்கை கொடுக்கும், வழக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார்.

இன்னொன்று. இங்கிலாந்தில் சீருடையில் வரும் ஆர்.எஸ்.பி.சி.ஏ இன்ஸ்பெக்டருக்கு உங்கள் வீட்டுக்குள் நுழையத் தனி அதிகாரம் கிடையாது. எத்தனை முதியவர்களுக்கு இது தெரியும்? உதவிக்கு ஆள் வந்திருக்கிறது என்று கதவைத் திறந்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அதுவே பின்னால் சாட்சியமாக வரலாம்.

முதல் ஆளாக வழக்குப் போடும் வேலையிலிருந்து ஆர்.எஸ்.பி.சி.ஏ விலக வேண்டும் என்று 2016இல் நாடாளுமன்றக் குழுவே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 2021இல் அந்த அமைப்பே, வழக்குகளை அரசு வழக்குத் துறையிடம் ஒப்படைக்க விரும்புவதாக அறிவித்தது. அது நடக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். அதற்கு முன்னால், கதவைத் தட்டும் முதல் ஆள் கையில் நகவெட்டியோடும் இலவச மருத்துவமனை முகவரியோடும் வர வேண்டும்.

அந்த அம்மா அரசு உதவித்தொகை வாங்குபவர் என்பதால் பி.டி.எஸ்.ஏ மருத்துவமனையில் பார்த்தார்கள். ஏழைகளின் விலங்குகளுக்காக 1917இல் லண்டனில் ஆரம்பித்தது அது. மயக்க ஊசி போட்டு நகத்தை எடுத்து, காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை நான்தான் நகம் வெட்டுகிறேன். வெட்டி முடிக்கும்வரை அவர் நாயின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார்.