தனுஷ்கோடி ரோட்டில் மட்டும் ஏறும் சூடு

நண்பரே, மண்டபம் தாண்டி அரிச்சல்முனைக்கு உங்கள் டீசல் வண்டியை ஏசி போட்டு ஓட்டினால் கூலன்ட் (என்ஜினை ஆற்றும் திரவம்) 108 டிகிரிக்குப் போகிறது, டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பின்னால் மாட்டிய புகைச்சூடு மீட்டர் 620 டிகிரி காட்டுகிறது, ராமநாதபுரம் ஊருக்குள் தொந்தரவே இல்லை என்கிறீர்கள்.

முதலில் அந்த 620. டர்போவுக்கு முன்னால் இருக்கும் சூடு அதைவிட 100 டிகிரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கும். ஓவர்டேக்கில் மீட்டர் 620-ஐ எட்டிப் பார்த்தால் சரி, அங்கேயே நின்றால் நல்லதல்ல.

கூலன்ட் சூடு, புகைச்சூடு இரண்டும் சேர்ந்து ஏறுவதால் எனக்கு வண்டியின் முன்பக்கம்தான் சந்தேகம். ஏசி வாயுவை ஆற்றும் கண்டன்சர், டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர், கூலன்ட்டை ஆற்றும் ரேடியேட்டர் எல்லாம் ஒரே காற்றை நம்பி இருப்பவை. உப்பு ஈரத்தில் பொடிமணல் ஒட்டினால் தகடுகளின் இடுக்கு அடைத்துக்கொள்ளும். என்ஜின் ஆறிய பிறகு, முடிந்தவரை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக நல்ல தண்ணீரைச் சாதாரணக் குழாயில் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கிவிடும். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், எதிர்காற்றில் ஐந்தாவது கியரிலேயே மிதித்து இழுக்கிறீர்களா? டீசலில் காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் போனால் புகைச்சூடு ஏறும். நான்காவதுக்கு இறங்குங்கள், ஆர்பிஎம் (என்ஜின் சுற்று வேகம்) கூடினாலும் புகைச்சூடு மீட்டர் இறங்கும்.

கழுவியும் குறையாமல், கறுப்புப் புகையும் வந்தால் இன்டர்கூலர் ஹோஸில் கசிவு தேடச் சொல்லுங்கள். அதுவரை கூலன்ட் 105 டிகிரி தாண்டினால் ஏசியை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.