துப்பாக்கி போல்ட் (தோட்டாவை சேம்பருக்குள்ள தள்ளி பூட்டற பாகம்) பிசுபிசுக்குது, எல்லாத்துக்கும் ஒரே ஆயில் போதுமான்னு கேட்டதுக்கு

போதும், சிஎல்பிங்கற துப்பாக்கி ஆயில் வாங்குங்க. கிளீனிங், லூப் (உராய்வைக் குறைக்கறது), துரு தடுப்பு மூணுக்கும் அது ஒண்ணே ஆகும், மர ஸ்டாக்கையும் (தோள்ல வைக்கற கட்டை) துடைக்கணும்னா பாலிஸ்டால்ங்கற ஆயிலைப் பாருங்க.

நீங்க இதுவரைக்கும் அடிச்ச டபிள்யூடி-40 தான் பெரும்பாலும் காரணம், அது ஈரத்தை விரட்டத்தான் நல்லது, அதுல இருக்கற கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிச்சம் மெல்லிய படலமா தங்கி கரி, தூசி எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கும்.

மேகசினை (தோட்டா அடுக்கற பெட்டி) எடுத்துட்டு சேம்பர் (பேரல் பின்னாடி தோட்டா உட்கார்ற இடம்) காலியான்னு கண்ணால பாத்து விரலாலயும் தடவிப் பாருங்க, இதை எப்பவும் விடாதீங்க. அப்புறம் போல்ட்டை வெள்ளைத் துணியால துடைங்க, பழுப்பா பிசுக்கு வந்தா சால்வென்ட் (கரைப்பான்) போட்டு முழுசா எடுத்துட்டு, உரசுற இடத்துல மட்டும் ஒரு சொட்டு சிஎல்பி விடுங்க.

சுடறதுக்கு முன்னாடி பேரல் உள்ள காய்ஞ்சிருக்கணும். தோட்டா மேல ஆயில் படவே கூடாது, பிரைமருக்குள்ள (தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கற சின்ன மூடி) இறங்கினா வெடிக்காமயே போயிடலாம்.