சமமாக இருந்தால் போதாதா?

அன்புள்ள அக்கா,

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அக்ஷயா என்ற அரசு சேவை மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். தமிழ் மட்டும் தெரிந்த வயதானவர்களுக்குப் பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதைப் பதிவு செய்வது), ரேஷன் கார்டு விண்ணப்பம் என்று செய்து கொடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அரசு எழுத்தர் வேலைக்கான எல்.டி. கிளார்க் தேர்வு இரண்டு முறை எழுதியும் ரேங்க் லிஸ்டில் பெயர் இல்லை. பாலக்காட்டில் ஏதாவது ஆபீசுக்குப் போனால் என் மலையாளத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கோயம்புத்தூர் சொந்தக்காரர்களோ 'மலையாளத்துக்காரி' என்கிறார்கள். ஒரு பேச்சாளர் சொன்னபடி தினமும் கண்ணாடி முன் நின்று 'நான்தான் சிறந்தவள்' என்று சொல்கிறேன். சொல்லி முடித்ததும் இன்னும் மோசமாக இருக்கிறது. என்னிடம்தான் கோளாறா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கண்ணாடி விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை. கனடாவில் ஜோவன் வுட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தன்னைக் குறைவாக நினைப்பவர்கள் 'நான் அன்புக்குரியவள்' என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் கீழே போனது. பின்னால் வேறு சிலர் செய்து பார்த்தபோது அதே விளைவு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம்பாத ஒன்றைச் சொன்னால் மனசு உடனே எதிர்க்கேள்வி கேட்கும்தானே: அப்படியானால் லிஸ்டில் ஏன் பெயர் வரவில்லை?

தன்மதிப்பை அளக்க மாரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965இல் வெளியிட்ட 10 வாசகங்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 'மற்றவர்களுக்குச் சமமாகவாவது எனக்கு மதிப்பு உண்டு' என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் வரும். எல்லாரையும்விட நான் மேல் என்று பத்தில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான்.

அவருக்கும் முன்னால், 1890இல், வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்மதிப்பை ஒரு வகுத்தல் கணக்காகவே எழுதினார். மேலே நாம் அடைந்தது, கீழே நாம் அடைய நினைத்தது. உளவியலில் யாராவது தன்னைவிட அதிகம் தெரிந்தவராக இருந்தால் தனக்கு அவமானம், கிரேக்கம் சுத்தமாகத் தெரியாதது பொருட்டே இல்லை என்று தன்னையே உதாரணமாகக் காட்டினார். நீங்கள் கீழே எதையெல்லாம் போட்டு வைத்திருக்கிறீர்கள்? பாலக்காட்டுக்காரர் மாதிரி மலையாளம், கோவைக்காரர் மாதிரித் தமிழ், அப்புறம் அரசு வேலை. முதல் இரண்டையும் தாராளமாக எடுத்துவிடலாம். எல்லையில் பிறந்தவள் இரண்டு பக்கத்து உச்சரிப்பிலும் பாஸாக வேண்டும் என்று யார் விதித்தது?

மூன்றாவது உங்களுக்கு நிஜமாகவே வேண்டும், இருக்கட்டும். கடைசியாக எழுதிய வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இந்தத் தேர்வை நடத்தும் பி.எஸ்.சி.யில் (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் போகும். எத்தனை விடை குருட்டாம்போக்கில் குறித்தது, எத்தனை தெரிந்தும் தவறியது, கணக்கில் போனதா பொது அறிவில் போனதா என்று எண்ணிப் பாருங்கள். கசப்பான வேலைதான். படித்தது போதவில்லை என்று தெரிந்தால் அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன்னை மதிக்கிறவர் தன் குறையைப் பார்க்கப் பயப்பட வேண்டியதில்லை. கூடவே, லிஸ்ட் எவ்வளவு நீளும் என்பது காலியிடங்களைப் பொறுத்தது என்பதையும் மறக்காதீர்கள்.

வயதானவர்களுக்கு விண்ணப்பம் செய்து கொடுப்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. ஒரு பாட்டி தமிழில் சொல்வதைக் கேட்டு, மலையாளத்தில் படிவத்தை நிரப்புகிறீர்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கும் ஆபீசில் அதைச் செய்ய எத்தனை பேரால் முடியும்? தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள பி.எஸ்.சி. கிளார்க் பணியிடங்கள் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புகளைத் தேடிப் பார்த்தீர்களா?

அடுத்த முறை யாராவது சிரித்தால், 'எந்த வார்த்தை தப்பு, சொல்லித் தாங்க' என்று கேளுங்கள். சொல்லித் தந்தால் கற்றுக்கொள்ளுங்கள். மறுபடியும் சிரித்தால், வந்த வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

அன்புடன்,
அக்கா