மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ஏன் இத்தனை வாரம்?

அக்காவுக்கு ஃப்ளூக்ஸெட்டின் தொடங்கிப் பத்து நாளாகியும் மாற்றமே இல்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த மாத்திரைக்குப் பத்து நாள் ரொம்பக் குறைவு.

மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது. சொல்லி முடித்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஃப்ளூக்ஸெட்டின் அந்த உறிஞ்சும் வாசலை அடைக்கிறது. இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். அப்புறம் ஏன் தாமதம்? செரோட்டோனினைச் சுரக்கும் செல்களின் மேலேயே அதன் அளவைக் கவனிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அளவு கூடியதும் 'போதும்' என்று அவை சுரப்பை அடக்கிவிடும். மாத்திரை ஒரு பக்கம் கூட்ட, மூளை மறுபக்கம் குறைக்கிறது. சில வாரங்களில் அந்த ஏற்பிகள் மந்தமாகின்றன; அப்போதுதான் சுரப்பின் மேலிருந்த தடை தளர்கிறது. நரம்பு இணைப்புகள் மெல்லப் புதுப்பிக்கப்படுவதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 'செரோட்டோனின் குறைவுதான் மனச்சோர்வு' என்று சொல்வது விஷயத்தை மிகவும் சுருக்குவதாகும்.

குமட்டல் மட்டும் முதலிலேயே வரலாம். ஏனென்றால் உடலின் செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது.

பலன் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் தெரியும். ஒருநாள் காலையில் அக்கா யாரும் சொல்லாமலே எழுந்து தலைவாரிக்கொள்வார். வீட்டில் இருப்பவர்கள்தான் அதை முதலில் கவனிப்பார்கள். ஆனால் இடையில் பதற்றம் கூடினாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.