ரயில் போன தடத்தில் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அயர்லாந்தின் மேற்குக் கரையோரமாகச் செல்லும் 'கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே' என்ற சைக்கிள் பாதையைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மகள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். ஜூன் மாதம் அவளிடம் போகிறோம். எனக்கு வயது 57, கணவருக்கு 62. இருவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால் பின்னால் லாரி ஹார்ன் கேட்டாலே எனக்குக் கை நடுங்கும். எங்களால் அந்தப் பாதையில் போக முடியுமா?
– வாசகி, திருச்சி

தாராளமாகப் போகலாம். மேயோ மாவட்டத்தில் வெஸ்ட்போர்ட் நகரில் தொடங்கி, நியூபோர்ட், மல்ரனி ஆகிய சிற்றூர்களைத் தொட்டுக்கொண்டு அகில் தீவின் வாசல் வரை செல்லும் இந்த 42 கிலோமீட்டர் பாதை, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டுமே உரியது. ஆங்காங்கே ஊர்ச்சாலைகளைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். அங்கு மட்டும் இறங்கி, இருபுறமும் பார்த்துத் தள்ளிக்கொண்டு போங்கள். அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதால், எந்தப் பக்கம் முதலில் திரும்பிப் பார்ப்பது என்ற குழப்பம் உங்களுக்கு வராது.

டப்ளினின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு நேரடி ரயில் உண்டு. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மொத்தத் தூரத்தையும் ஒரே நாளில் முடித்தே தீர வேண்டும் என்று எண்ண வேண்டாம். வெஸ்ட்போர்ட்டிலிருந்து நியூபோர்ட் 11 கிலோமீட்டர், அங்கிருந்து மல்ரனி 18, அங்கிருந்து அகில் 13 என்று பாதை தானாகவே மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பகுதிதான் முடியும் என்றால் கடைசி 13 கிலோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஒருபுறம் கொரான் மலைச்சரிவு, மறுபுறம் நிலத்துக்குள் நெடுக நுழைந்து கிடக்கும் கடல். பல இடங்களில் பாதைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு கல்சுவரும் கொஞ்சம் புல்லும் தவிர வேறொன்றும் இல்லை.

மலைப்பகுதி என்கிறீர்கள். ஏற்றம் கடுமையாக இருக்காதா?
– வாசகர், கோயம்புத்தூர்

மலைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே போகலாமே தவிர, அவற்றின் மீது ஏற வேண்டியதில்லை. காரணம், இது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். வெஸ்ட்போர்ட்டிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1895இல் அகில் வரை எட்டியது, 1937இல் மூடப்பட்டது. நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் பெட்டிகளை இழுக்க முடியாது என்பதால், அன்றைய பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தில் மண்கரை எழுப்பியும் சரிவை மட்டுப்படுத்தினார்கள். எஞ்சினுக்காகப் பட்ட அந்தப் பாட்டின் பலன் இன்று நம் முழங்கால்களுக்குக் கிடைக்கிறது. நியூபோர்ட்டில் ஏழு வளைவுகளுடன் நிற்கும் செம்மணற்கல் பாலமும், மல்ரனியில் ரயில் கம்பெனி 1897இல் கட்டி, இன்றும் ஓட்டலாகவே இயங்கும் பெரிய கட்டடமும் அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

ஆனால் முழுவதும் தட்டையான சமதளம் என்று நம்பிப் போய்விடாதீர்கள். பழைய தடம் கிடைக்காத இடங்களில் பாதை விலகிச் செல்கிறது. சுருக்கென்று சில ஏற்றங்கள் வருவது அங்கேதான், குறிப்பாக வெஸ்ட்போர்ட்டுக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையில். கியர் வைத்த வண்டியில் அதுவும் பெரிய விஷயம் அல்ல.

பழைய தடம் ஏன் கிடைக்காமல் போனது? ரயில்வேயின் நிலம் அரசாங்கத்துடையதுதானே?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மதுரை

உங்கள் துறைக்காரருக்கே எழக்கூடிய கேள்வி. தண்டவாளம் பிடுங்கப்பட்ட பின் அந்த நிலம் அக்கம்பக்கத்து விவசாயிகளின் கைக்குப் போய்விட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து பாதை போட முனைந்தபோது, நிலத்தைக் கையகப்படுத்தாமல், உரிமையாளர்களிடம் பேசி, அவர்களுடைய சம்மதத்தின் பேரில் வழி வாங்கினார்கள். நிலம் இன்னும் அவரவருடையது. நாம் போவது அவர்கள் விட்டிருக்கும் வழியில். இப்படித்தான் நியூபோர்ட்–மல்ரனி பகுதி 2010இலும் மீதி 2011இலும் திறக்கப்பட்டன. ஒருவர் சம்மதிக்காத இடத்தில் பாதை வளைந்து போகிறது, அவ்வளவுதான். வழக்குமன்றத்தில் பத்து ஆண்டு கிடப்பதை விட ஒரு வளைவு மேல் என்பது என் கருத்து.

பாதையில் போகும்போது இது கண்ணுக்குத் தெரியும். வயலுக்கு வயல் கதவுகளும், ஆடுமாடு தாண்டாமல் இருக்கத் தரையில் பள்ளம் தோண்டி அதன்மேல் இடைவெளி விட்டுப் பதித்த இரும்புக் குழாய்களும் இருக்கின்றன. சைக்கிள் அதன் மேல் ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம் எழும். அதைக் கேட்டுப் பழகிய ஆடுகள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. யாருடைய ஆடு என்று தெரிவதற்காக முதுகில் நீலமோ சிவப்போ பூசியிருப்பார்கள். மழை நனைத்த குழாயின் மேல் நான் சற்றே சாய்வாக ஏற்றியதில் முன்சக்கரம் வழுக்கி, முழங்கையில் சிராய்ப்போடு தப்பினேன். நேராக, பிரேக் பிடிக்காமல் தாண்ட வேண்டும் என்பது அதன் பிறகுதான் புத்தியில் ஏறியது. திறந்த கதவை மூடிவிட்டுப் போக மறக்காதீர்கள்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது நல்லது?
– வாசகர், புதுச்சேரி

அகிலிலிருந்து. அங்கே காற்று பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்து, அதாவது மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசும். வெஸ்ட்போர்ட்டில் கிளம்பினால் எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். வாடகைக் கடைக்காரர்களே காலையில் சைக்கிளையும் ஆளையும் வேனில் ஏற்றி அகிலில் இறக்கிவிடுகிறார்கள். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு திரும்பி வரலாம். அப்படி வரும்போது க்ளூ விரிகுடாவின் மறுகரையில், 764 மீட்டர் உயரமுள்ள க்ரோ பேட்ரிக் மலையின் கூம்பு வெகுநேரம் கண்ணிலேயே நிற்கும்.

அந்த ரயிலைப் பற்றி ஒரு சாபக்கதை உண்டென்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

சாபம் அல்ல, ஒரு தீர்க்கதரிசனம் என்று அங்கே சொல்கிறார்கள். இரும்புச் சக்கரத்தில் புகை கக்கியபடி ஒரு வண்டி அகிலுக்கு வரும், அதன் முதல் பயணமும் கடைசிப் பயணமும் பிணங்களைச் சுமக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரையன் ருவா என்பவர் சொன்னதாக வழக்கு. அவர் சொன்னாரா என்பதைக் கதையாகவே விட்டுவிடலாம். ஆனால் நடந்தது பதிவான வரலாறு. 1894 ஜூனில், அறுவடைக் கூலிக்காக ஸ்காட்லாந்து செல்லப் புறப்பட்ட அகில் தீவினரின் படகு வெஸ்ட்போர்ட் அருகே கவிழ்ந்து 32 பேர் மூழ்கினார்கள். பாதை முறைப்படி திறக்கப்படுவதற்கு முன்பே, அவர்களின் உடல்களுக்காகத் தனி ரயில் விடப்பட்டது. 1937 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலாக்கில் உருளைக்கிழங்கு பறிக்கப் போன அகில் இளைஞர்கள் 10 பேர், தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்து இறந்தார்கள். மூடப்படும் தறுவாயில் இருந்த அதே பாதையில்தான் அந்தச் சவப்பெட்டிகளும் ஊர் திரும்பின. இரண்டு முறையும் போனவர்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் என்பதை யாழ்ப்பாணத்து வாசகிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஷெங்கன் விசா இருந்தால் போதுமா?
– வாசகர், சென்னை

போதாது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர வழிசெய்யும் ஷெங்கன் கூட்டமைப்பில் அயர்லாந்து இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஜூனில் மழை இருக்குமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

இருக்கும். கோடையிலும் ஒரே நாளில் வெயில், தூறல், மீண்டும் வெயில் என்று மாறி மாறி வரும். காற்றுக்குப் புரண்டுகொள்ளும் குடை அங்கே உதவாது. இடுப்புக்குக் கீழ் வரை இறங்கும் மழைச்சட்டையும், மாற்றுக் காலுறை ஒரு ஜோடியும் போதும். பாதை பெரும்பாலும் பொடிக்கல் இட்டு இறுக்கியது என்பதால் சேறாவதில்லை, ஆனால் மட்கார்டு இல்லாத வண்டி முதுகெல்லாம் சாம்பல் நிறக் கோலம் போட்டுவிடும், கேட்டு வாங்குங்கள். சீட் உயரத்தைக் கடை வாசலிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது. நான் அவசரத்தில் தாழ்ந்த சீட்டோடு கிளம்பி, மல்ரனி வருவதற்குள் தொடை மரத்துப்போய், பாதையோரம் வேலி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கினேன். மற்றபடி அவசரம் வேண்டாம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.